கைக்கு எட்டாத கயிறு

இதை வெளியே சொன்னால் கெடுவது என் பிழைப்புதான். பொய் சொல்லி அதை ஏன் கெடுத்துக்கொள்ளப் போகிறேன்? நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று... எனக்கு இது மதியம் மூன்று மணிக்கு நடந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

நான் ஆர்கிடெக்ட். நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டிகளை நிறுத்தி இளைப்பாறுவதற்காக ஒரு கட்டடம் வரைந்து கொடுத்தேன். ஒன்றரை அடி கனத்தில் மண்சுவர், ஏசி இல்லாமலே உள்ளே குளுகுளுவென்று இருக்கும். கூரை முழுக்க சோலார். ஆள் அசைந்தால் எரியும், அசைவில்லாவிட்டால் தானே அணைந்துவிடும் விளக்குகள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்குச் சரிவுப் பாதை, தனிக் கழிப்பறை, ஆபத்தென்றால் இழுக்க ஒரு மணிக்கயிறு. விருதுகூடக் கொடுத்தார்கள். மாலையோடு நின்று பல்லைக் காட்டிப் படமெடுத்துக்கொண்டேன்.

திறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அந்தக் கழிப்பறையில் ஓர் அம்மா இறந்துபோனார். நாற்காலியிலிருந்து மாறி உட்காரும்போது விழுந்திருக்கிறார். தலையில் அடி. வெளியே காத்திருந்த மகள் சந்தேகப்பட்டுக் கதவை உடைக்கச் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. உள்ளே விளக்கு அணைந்து கிடந்ததாம்.

விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நிற்கிறவர்களின் நெஞ்சு உயரத்தில் விளக்கின் சென்சாரை வைத்தவன் நான். இடுப்புக்குக் கீழே எது அசைந்தாலும் அதற்குத் தெரியாது. சுவரின் அழகு கெட்டுவிடும் என்று கயிற்றைக் கதவோரம் தள்ளியவனும் நான்தான்.

"சத்தமில்லாம மாத்திட்டு வந்துடுப்பா" என்றார் கட்டடத்தின் முதலாளி.

எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போனேன். கழிப்பறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். திறந்ததும் சொன்னேன்.

"அண்ணே, நீங்க வெளியவே நில்லுங்க. நான் ஒரு தடவ கீழ படுத்துப் பாக்குறேன்."

"எதுக்கு சார் வீண் வேலை? மாத்திட்டுக் கெளம்பலாம்."

"இல்லண்ணே. பாக்கணும்."

கதவைச் சாத்தினேன். லாரிச் சத்தம் கத்தரித்தாற்போல் நின்றது. ஜன்னல் இல்லாத அறை. என் மண்சுவர். உள்ளே ஒரு நாற்காலி உருண்டு விழுந்தாலும் வெளியே கேட்காது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த அம்மா விழுந்த இடத்தில் மல்லாந்து படுத்தேன். தரை சில்லென்றிருந்தது. அசையாமல் கிடந்தேன்.

டிக்...

விளக்கு அணைந்தது. கண்ணைத் திறந்திருக்கிறேனா, மூடியிருக்கிறேனா என்றே தெரியாத இருட்டு.

கையை ஆட்டினேன். எரியவில்லை. காலை உதைத்தேன். எரியவில்லை.

கயிறு இருக்கும் பக்கம் கையை நீட்டினேன். வெறும் காற்று. இன்னும் நீட்டினேன். தோள்பட்டை வலித்தது.

அப்போது... பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

என் மூச்சை அடக்கிப் பார்த்தேன்.

அது நிற்கவில்லை.

ஹ்ம்ம்... ஹ்ம்ம்...

நீட்டிய கை அப்படியே விறைத்துவிட்டது. காதோரம், தரையோடு தரையாக, ஒரு பெண்குரல். அதில் கோபமே இல்லை.

"எட்டாதுப்பா... நானும் பாத்தேன்."

விளக்கு பளீரென்று எரிந்தது.

நான் அசையவே இல்லை.

எழுந்து நிற்கிற ஆளைத்தான் அந்த சென்சாருக்குத் தெரியும்.

அறையில் இருந்தது நான் ஒருவன். படுத்தபடி...

எப்படி வெளியே வந்து விழுந்தேன் என்று தெரியவில்லை. எலக்ட்ரீஷியன் தாங்கிப் பிடித்தார்.

"என்ன சார், மூஞ்சியே செத்துப்போச்சு?"

"உள்ள யாராவது வந்தாங்களா?"

"கதவ விட்டு நான் நகரவே இல்லயே!"

அன்றைக்கே சென்சாரைக் கீழே இறக்கினோம். கயிற்றைத் தரை தொடும்வரை நீட்டி, படுத்த இடத்திலிருந்து கைக்கு எட்டுகிற மாதிரி மாட்டினோம். அதற்குப் பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் அந்த மகளின் வீட்டைத் தேடிப் போனேன். நான்தான் வரைந்தவன், தப்பு என்னுடையது என்று சொன்னேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அந்த மதியம் நடந்ததையும் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மாறியது. "அம்மா... பேசினாங்களா?"

"ஆமாங்க."

எதிரே வந்து உட்கார்ந்தார்.

"பக்கவாதம் வந்து அம்மாவுக்குப் பேச்சு போயி நாலு வருஷம் ஆச்சு சார். ஒரு சத்தம்கூட வராது. கூப்பிட முடியாதேன்னுதான் மணி இருக்கிற எடமாப் பாத்து வண்டிய நிறுத்தினேன். மணி அடிக்கல... நல்லாத்தான் இருக்காங்கன்னு கதவுக்கு வெளிய நின்னுட்டிருந்தேன்."

கும்பிட்டுவிட்டு எழுந்தேன். வாசல்வரை பின்னாலேயே வந்தார்.

"சார்..."

திரும்பினேன்.

"அம்மா குரல் எப்படி இருந்துச்சு? எனக்கு மறந்தே போச்சு."