குளத்து வாசனை

காதுமடலுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார். காய்ந்திருக்கிறது. "என்ன சார், முன்பக்கம் மட்டும் நனைச்சிட்டு வந்தா குளிச்சதாகிடுமா? போங்க, சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வாங்க." தொப்பையும் துண்டுமாக நின்ற பெரிய மனிதர் பள்ளிப் பிள்ளை மாதிரி திரும்பிப் போகிறார்.

கூரை போட்ட அந்த நீச்சல் குளத்தில், ஷவர் அறைக்கும் தண்ணீருக்கும் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பவருக்குக் 'காதக்கா' என்றே பேராகிவிட்டது. முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள். "கழுதைன்னு வேணாலும் கூப்பிடுங்க, குளிச்சிட்டு வந்து கூப்பிடுங்க" என்பார்.

மதியம் கூட்டம் வடிந்ததும் அந்த இடமே வேறாகிவிடும். கூரையெங்கும் தண்ணீரின் ஒளி நெளியும். எப்போதோ யாரோ சிரித்தது இப்போதுதான் சுவரிலிருந்து திரும்பி வருவது போலிருக்கும். குளத்தின் அந்த குளோரின் நெடி ஒரு காலத்தில் அவருக்கு உயிர். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் மகள் ஓடிவந்து தலைமுடிக்குள் முகம் புதைப்பாள். "அம்மா, நீ சுத்தமா மணக்குற." அந்த மணத்தின் பின்னாலேயே வந்துதான் அவள் குளத்தில் இறங்கினாள், மீனாகிப் போனாள். பிறகு இருமத் தொடங்கினாள்.

"வெறும் குளோரின் இவ்வளவு நாறாதும்மா" என்றார் டாக்டர். "வேர்வை, மூத்திரம் எல்லாம் அதோட சேர்ந்து வேற ஒண்ணா மாறிடும். அது தண்ணிக்கு மேலயே காத்துல நிக்கும். நீந்துற பிள்ளை அதைத்தான் இழுக்குது." நீச்சலை விட்டுவிடலாமா என்று டாக்டர் கேட்டபோது மகள் சுவரைப் பார்த்தாள். "அவ விடமாட்டா டாக்டர். நான் பாத்துக்குறேன்" என்றார் அம்மா. காது பார்ப்பது அன்றிலிருந்துதான்.

மேலாளருக்கு அந்த நெடிதான் பெருமை. "மருந்து வாசனை தூக்கலா இருக்குக்கா. ஜனங்க திருப்தியாப் போறாங்க."

"ஜனங்க விட்டுட்டுப் போறதுதான் சார் அந்த வாசனை."

அணித் தேர்வு நடந்த அன்று வெளியே கடுங்குளிர். தண்ணீரின் சூடு போய்விடுமென்று கதவுகளையெல்லாம் சாத்தியிருந்தார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் பக்கவாசல் வழியாக வந்து, குளிக்காமலேயே தொபதொபவென்று குதித்தார்கள். காதக்கா கத்தியதெல்லாம் அந்த இரைச்சலில் கரைந்தது. உச்சிவேளைக்குள் நெடி கண்ணைக் கரித்தது. அடுத்த சுற்று மகளுடையது. கரையில் நின்றவளின் நெஞ்சில் மெல்லிய இழுப்பு கேட்டது.

"முடியலன்னா சொல்லிடுடி."

"நீ போம்மா. எல்லாரும் பாக்குறாங்க."

காதக்கா போனார். நாற்காலிக்கு அல்ல. குளத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய், அந்தப் பெரிய இரும்புக் கதவைத் தோளால் முட்டித் திறந்தார். குளிர் உள்ளே பாய்ந்தது. தண்ணீரிலிருந்து ஆவி பொங்கி எழுந்து நீச்சல் தடங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. மேகத்துக்குள் யாரோ நீந்தப் போவது போல மகளின் தொப்பி மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"அக்கா! மூடுங்கக்கா! சூடெல்லாம் போகுது!" மேலாளர் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்தார்.

காதக்கா காலிலிருந்த ரப்பர் செருப்பைக் கழற்றினார். குனிந்து, அதைக் கதவுக்கும் தரைக்கும் இடையில் இறுகச் செருகினார்.