கோலப்பன் பெட்ரோல் இறக்கிய மதியம்

கொட்டாரம் ஊரில் டிரைவர் கோலப்பனுக்குக் கோபமே வராது என்பார்கள். பாதையில் படுத்திருக்கும் எருமையைப் பார்த்துக்கூட ஹாரன் அடிக்க மாட்டார். இறங்கிப்போய் நயந்து பேசி எழுப்பிவிட்டு வருவார். ஈஸ்வரமூர்த்தி பிள்ளை வீட்டு ஆஸ்டின் காரைச் சொந்தப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் மாசி மாதம், அந்தக் கார் இருமி இருமி வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டது. அன்றைக்கென்று பார்த்துச் சந்தையில் யாரோ பிள்ளை காதில் ஓதியிருந்தார்கள்: "ஒம்ம டிரைவர் பெட்ரோலை வித்துட்டுத் தண்ணிய ஊத்துகான்."

"ஏலே, உள்ள தண்ணி இருந்துதுன்னா, சாவிய வச்சிட்டு நீ போயிரணும்" என்றார் பிள்ளை.

கோலப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போனால் வேறு வேலை. போன பேரை எங்கே போய் வாங்குவது?

"மொதலாளி கண்ணு முன்னாலயே பெட்ரோலை இறக்கிக் காட்டுகேன்."

நெருப்பு விஷயத்தில் அவர் யாரையும் நம்பமாட்டார். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, காரைத் தள்ளி வெட்டவெளியான முற்றத்தில் நிறுத்தினார். பேட்டரி வயரைக் கழற்றினார். பக்கத்தில் மணலும் நனைந்த சாக்கும் வைத்தார். பிள்ளையின் மனைவி அழகியநாயகியிடம், "ஆச்சி, கொஞ்ச நேரம் அடுப்பு வேண்டாம். பெட்ரோல் ஆவி தீயத் தேடிப் போவும்" என்றார். ஆச்சி கொதிக்கிற உலையை இறக்கிவிட்டு அடுப்பில் தண்ணீரைத் தெளித்தாள். கோலப்பன் சொன்னால் அவளுக்கு மறுபேச்சில்லை.

வண்டிக்கு அடியில் படுத்து, பொறி பறக்காதபடி துணி சுற்றிய ஸ்பேனரால் பெட்ரோல் டாங்கின் அடித் திருகை மெல்லக் கழற்றினார். முதலில் வந்ததைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்தார். மீதி டின்னில் இறங்கிக்கொண்டிருக்க, குப்பியை வெயிலில் தூக்கிப் பார்த்தார். மேலே பெட்ரோல், அடியில் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு துளசி இலை.

அவருக்குப் புரிந்துவிட்டது. போன வாரம் திருப்பதிசாரம் கோயிலிலிருந்து செம்பும் கையுமாக வந்த ஆச்சி, "கோலப்பா, வண்டிக்கு வாய் எங்க இருக்கு?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே காட்டிக் கொடுத்தது இவரேதான்.

"தண்ணியா இல்லியா? சொல்லுலே!" திண்ணையிலிருந்து அதட்டினார் பிள்ளை.

"தண்ணிதான் மொதலாளி."

 கோலப்பன் மனைவி பிரசவத்தில் கிடந்தபோது குடிசையில் வந்து உட்கார்ந்து வெந்நீர் போட்டவள் ஆச்சி. அவளைக் காட்டிக்கொடுத்து என்ன பேரை மீட்பது? இலையை விரலால் மறைத்தபடி, மடியிலிருந்த சாவியை எடுத்துப் படியில் வைத்தார்.

அப்போது ஆச்சி தட்டில் சூடத்தைக் கொளுத்திக்கொண்டு நேரே காரைப் பார்த்து வந்தாள்.

"ஆச்சி! நில்லுங்கோ! இன்னும் ஒரு அடி வச்சா நான் மனுசனா இருக்க மாட்டேன்!"

தெருவே கேட்டது. பாய்ந்து போய்த் தட்டைப் பிடுங்கிக் கொல்லைக்கு ஓடி, தொட்டித் தண்ணீரில் முக்கினார். வெறும் தட்டோடு திரும்பி வந்தார்.

"தீ வேண்டாம்னு சொன்னேம்லா?"

"அடுப்பத்தான் அணைச்சிட்டேனே! இது சூடம்லா, சாமிக்கு உள்ளது" என்றாள் ஆச்சி, முகம் சிறுத்து. "பெருமாள் தீர்த்தம் ஊத்தியும் திருஷ்டி போகல்ல. சுத்திப் போடலாம்னு வந்தேன்."

"தீர்த்தமா? எங்க ஊத்தின?" பிள்ளை எழுந்துவிட்டார்.

"வண்டி வாயிலதான். ஒரு செம்பு."

பிள்ளை குப்பியை வாங்கிப் பார்த்தார். இலையும் தெரிந்தது, அதை மறைத்த விரலும் தெரிந்தது. ஆச்சிக்கும் விளங்கிவிட்டது. "அய்யோ, அப்போ நானா வண்டியக் கெடுத்தேன்?" என்றாள்.

"கெடுக்கல்ல ஆச்சி" என்றார் கோலப்பன் அவசரமாக. "ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்துல ஆளில்லாத எடத்துல நிக்கவேண்டிய வண்டி, நம்ம வாசல்ல வந்து நின்னுச்சே. அது தீர்த்தத்தாலதான்."

மன்னிப்புக் கேட்டுப் பிள்ளைக்குப் பழக்கமில்லை. சாவியை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, கோலப்பன் உள்ளங்கையில் வைத்து மூடினார். "நாளைக்கு வண்டிய நீரே எடும்வே" என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

அதுவரை தாங்கிக்கொண்டு நின்ற கோலப்பன் அப்போதுதான் அழுதார்.