நலங்கு வைத்த கால்

கருவாட்டு வாடை மூக்கில் ஏறியதுமே என் தோள் கனக்கிறது. அக்கா மகள் கமலா, சின்னவளாக இருந்தபோது, இதே காரைக்கால் கரையில் அலைக்குப் பயந்து, என் தலைமுடியைப் பற்றிக்கொண்டு தோளைவிட்டு இறங்கவே மாட்டேன் என்று அழுவாள்.

நாளை அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பிரான்சில் வேலை. இந்த மாதமே விமானம். நலங்கு வைத்த பெண் வாசல் தாண்டக் கூடாதென்பது அக்காவின் கட்டளை. "ஒரே ஒரு தடவ, மாமா" என்று கெஞ்சினாள். எல்லோரும் காபியில் மூழ்கியிருந்தபோது கொல்லைப்புறமாகக் கூட்டி வந்துவிட்டேன். இப்போது முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, கூப்பிடக் கூப்பிட வர மறுக்கிறாள்.

கருவாடு காயவைக்கும் பெண்ணொருத்தி அவள் மஞ்சள் முகத்தைப் பார்த்துவிடுகிறாள்.

"ஏங்க, நலங்கு வச்ச புள்ளய கடலுக்கா கூட்டியாருவாங்க? மீச நரச்சும் புத்தி வரலியே!"

"பிரான்சுக்குப் போகப்போறா. ஒரு தடவ கால நனைக்கணும்னா."

"ஏன், அங்க கடல் இல்லியாமா?"

"இருக்காம் அக்கா. வீட்டுலேர்ந்து ரொம்ப தூரமாம்" என்கிறாள் கமலா. குரல் உடைகிறது.

அந்தப் பெண் கருவாட்டை அப்படியே போட்டுவிட்டு அலைக்குள் இறங்குகிறாள். கமலாவின் கையைப் பிடித்து, இன்னொரு அலை வந்து போகும்வரை கூடவே நிற்கிறாள். பிறகு மெல்லக் கரையேற்றி, புடவை ஓரத்தைப் பிழிந்துவிடுகிறாள்.

"இது காஞ்சப்புறம் வீட்டுக்குப் போ தாயி. யாரு கேட்டாலும், நான் ஒன்ன பாக்கல."