அம்மா பெயரில் ஒரு சாய்ந்த கோடு

அப்பா ஜெரால்டின் கல்லறைக் கல்லில் அவர் பெயருக்குக் கீழே அம்மாவுக்கு இடம் விட்டிருந்தோம். ஆகஸ்டில் அம்மா இறந்தாள். நவம்பரில் கல்லறைத் திருநாள். அன்று காசிமேட்டுக் கல்லறையில் ராயபுரமே கூடும். அதற்குள் அம்மா பெயரை வெட்டியாக வேண்டும்.

அம்மா ஜானட் ராயபுரத்து அச்சகம் ஒன்றில் கம்ப்யூட்டரில் அழைப்பிதழ் வடிவமைத்தவள். ஞானஸ்நானமோ திருமணமோ நினைவுத் திருப்பலியோ, ஆங்கிலப் பெயர்களுக்கு அவளிடம் ஒரே எழுத்துருதான். பட்டை நிப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதியதுபோன்ற பழைய பாணி எழுத்து. வளைவுகளின் தடிமன் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். கால்களில் சிறு கொக்கி. e-யின் நடுக்கோடு மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்.

தண்ணீர் கேன் போடும் வேலப்பன் தன் வண்டிக்கும் அதையே கேட்டார்.

"இது கத்தாதுண்ணே. பேரை மெதுவா கூப்புடும். வண்டி போற வேகத்துல எவனுக்குக் கேக்கும்?" என்றாள் அம்மா.

"அப்ப கத்துற எழுத்தா குடு. வூட்ல கீறவ மாரி."

அப்பாவின் கல்லுக்கும் அந்த எழுத்தைத்தான் கொடுத்தாள். அதை உளியால் வெட்டியவர் இப்போது இல்லை. அந்த வேலையைச் செய்யும் மதார் சாகிப், எழுத்து வடிவில் வெட்டிய ஸ்டிக்கரைக் கல்லில் ஒட்டி, மணலைப் பீய்ச்சிச் செதுக்குகிறார். அம்மாவின் எழுத்துருவில் 'Gerald' என்று காகிதத்தில் அச்சடித்துக் கல்லின்மேல் வைத்துப் பார்த்தோம். பொருந்தவில்லை. கல்லில் இருந்தது தடித்த எழுத்து.

"இன்னா ஜூடி, வேற எழுத்தை எடுத்துகினு வந்துட்டியா?"

"அம்மா வெச்சிருந்தது இது ஒண்ணுதான் பாய்."

"e-க்கு நடுவுல பாரு, நூலு மாரி கீது. அந்த இடுக்குல மணல் எறங்கலன்னா c-தான் நிக்கும். குண்டா வேற எழுத்து பாத்துக்கோம்மா. கல்லுல அழிச்சி எழுத முடியாது."

நான் மணலியில் வெல்டிங் பரிசோதகர். அவர் சொன்னது சரியென்று தெரியும். ஆனால் தவறான எழுத்தை எடுத்து வந்துவிட்டேனோ என்ற பயமும் போகவில்லை. தடிமன் அளக்கும் வெர்னியரை எடுத்துக்கொண்டு கல்லறைக்குத் தனியாகப் போனேன்.

அளக்கும்போது அப்பா பெயரின் ஓரத்தில் கறுப்புப் பெயிண்ட் செதிலாகப் பெயர்ந்தது. கீழே இன்னொரு படலம். அதற்கும் கீழே, உளி வெட்டிய மெல்லிய கோடு. காகிதத்தில் இருந்த அதே கோடு.

கடல் காற்றில் எழுத்து வெளுத்துவிடும். ஒவ்வொரு திருநாளுக்கும் முதல் நாள் அம்மா பிரஷ்ஷோடு போய்விடுவாள். ஒவ்வொரு முறையும் பெயிண்ட் கோட்டுக்கு வெளியே இம்மி போயிருக்கிறது; எழுத்து தடித்தது அப்படித்தான். அதற்குமேல் பெயிண்ட்டைச் சுரண்டவில்லை.

"இதே எழுத்துதான் பாய். வெட்டுங்க."

"அப்பால என்னைக் கேக்காத."

மணல் ஓய்ந்தது. அவர் ஸ்டிக்கரை உரித்தார். 'Jan' வந்தது. அடுத்தது c போலத்தான் இருந்தது. விரலை வைத்துத் தடவினேன். சாய்ந்த கோடு இருந்தது. ஆழம்தான் போதவில்லை.

"பெயிண்ட் வெச்சா தெரியும். கை ஆடாம வெய்யி," என்றார்.

திருநாளுக்கு முதல் நாள் பிரஷ்ஷோடு உட்கார்ந்தேன். அந்தக் கோட்டில்தான் கை ஆடியது. பெயிண்ட் வெளியே வழிந்தது. துடைக்கத் துணியை எடுத்தேன். அப்பாவின் e-யைப் பார்த்தேன்.

துடைக்கவில்லை.