சித்தப்பா கட்டிய ஒலிபெருக்கி

செயற்கைக்கோள்களுக்கு ஆன்டெனா வடிவமைப்பது என் சித்தப்பாவின் உத்தியோகம். வலியசாலைத் தெருவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. யார் வீட்டு டிவி மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போவார். லேப்டாப்பில் தேசப்படத்தின் மேல் வண்ண வண்ணமாக வளையம் போட்டுக் காட்டி, "சிக்னல் இங்கே விழணும், பக்கத்திலே விழப்படாது. விழாம பண்றதுதான் பாதி வேலையாக்கும்" என்பார். ஏழு வயதில் எனக்கு வண்ணம் மட்டும் பிடித்திருந்தது.

அந்த வருஷம் கோகுலாஷ்டமிக்குக் கோயில் மைக்கில் நான் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடுவதாக ஏற்பாடு. தெருவே கேட்கப்போகிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்றவர்கள் கிடக்கட்டும், சித்தி கேட்க வேண்டும். பிரசவத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய சித்தி, ஒரு மாதமாக அறையை விட்டு வெளியே வரவில்லை. பாப்பா சாமியிடம் போய்விட்டது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். சரி, பிறகு வரும் என்று நான் இருந்தேன்.

ஒலிபெருக்கி கட்டும் வேலையைச் சித்தப்பா தானாகவே ஏற்றுக்கொண்டார். குழாய்களைத் திருப்பித் திருப்பி வைத்து, தெருவில் மேலும் கீழும் நடந்து கேட்டுப் பார்த்தார்.

"இதெந்தா சாரே, உங்க வீட்டுப் பக்கம் மாத்திரம் ஒண்ணும் கேக்கல்லையே?" என்றார் மைக்செட்காரர்.

"இருக்கட்டும்" என்றார் சித்தப்பா. கொசு வரும் என்று சொல்லி, சித்தி அறை ஜன்னலையும் சாத்திவிட்டு வந்தார்.

பாடி முடித்ததும் வீட்டுக்கு ஓடினேன். "சித்தி, கேட்டுதா?"

"இல்லையேடி கண்ணா. பாடினயா என்ன?"

அடப்பாவி சித்தப்பா! ராக்கெட் ஆபீஸில் வேலை, ஒரு குழாயை ஒழுங்காகக் கட்டத் தெரியவில்லை! பின்னாலேயே வந்தவரைப் பார்த்துக் கத்தினேன். "கணக்கு தப்பாப் போச்சுடி" என்றார். தப்பைச் சட்டென்று ஒப்புக்கொள்கிற ஆளே இல்லை அவர்.

நான் விடுவேனா? கட்டிலில் ஏறி உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து பாட ஆரம்பித்தேன்.

"போறும், வாடி" என்று சித்தப்பா வாசற்படியில் நின்று கெஞ்சினார்.

சித்தி கையமர்த்தினாள். "பாடட்டும்." என்னை மடியில் இழுத்துக்கொண்டு, முடிந்ததும் இன்னொரு தரம் பாடச் சொன்னாள். பாதிப் பாட்டில் அவள் கண்ணீர் என் தலையில் சொட்டியது. சித்தப்பாவும் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெரியவர்கள் இரண்டு பேரை அழவைக்கிற அளவுக்குப் பாடிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.