பாலிஷ்காரரின் பத்து விரல்கள்

கடைசியாக எப்போது உங்கள் விரல் நுனியைப் பார்த்தீர்கள்? நகத்தை அல்ல, அதன் மறுபக்கத்தை. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மெல்லிய கோடுகள் சுழித்துச் சுழித்து ஓடுகின்றனவா? அப்படியென்றால் நீங்கள் யார் என்று எந்த நாட்டிடமும் நிரூபித்துவிடலாம். பாலிஷ்காரரால் அது முடியாமல் போனது.

அவர் மொசைக் தரைக்குப் பாலிஷ் போடுகிறவர். நடுத்தரையை மெஷின் பார்த்துக்கொள்ளும். மூலைமுடுக்குக்குள்ளும் படிக்கட்டின் ஓரத்திலும் மெஷின் நுழையாது. அங்கே ஈரத்தில் முட்டிபோட்டு, கல்லைக் கையில் பிடித்துத் தேய்க்க வேண்டும். தரை தேய்ந்தது, கூடவே விரலும் தேய்ந்தது. தரையைப் பார்த்தவர் விரலைப் பார்க்கவில்லை.

அவருடைய ஒரே மகள் கடல் கடந்து ஒரு தீவில், சொகுசு விடுதியின் சமையலறையில் வேலை பார்க்கிறாள். வெயிலும் மழையும் வருஷம் முழுக்க மாறி மாறி அடிக்கிற தீவு. கூட வேலை செய்கிறவனையே விரும்பிப் பதிவுத் திருமணத்துக்கு நாளும் குறித்துவிட்டாள். சாட்சிக் கையெழுத்தை அப்பாதான் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

விசாவுக்கு வேண்டியதை அவள் போனில் சொல்லச் சொல்ல, இவருக்குக் கேள்வி முளைத்தது.

"போட்டோல ரெண்டு காதும் தெரியணுமாம்ப்பா."

"காது எதுக்கும்மா? நான் என்ன ஒட்டுக்கேக்கவா வர்றேன்?"

"திரும்பிப் போற டிக்கெட்டையும் இப்பவே காட்டணும்."

"வாசல்ல கால் வைக்கும் முன்னாடியே எப்பக் கிளம்புவேன்னு கேக்குறாங்களா? நல்ல மரியாதை!"

"பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாசமாவது உயிர் இருக்கணும்."

"எனக்கும் இருக்கணுமா, பாஸ்போர்ட்டுக்கு மட்டும் இருந்தாப் போதுமா?"

"அப்பா! கடைசியா பத்து விரல் ரேகை. அது சும்மா, வச்சு எடுத்தா முடிஞ்சுது."

ரேகை கொடுக்கப் போவதற்கு முந்தின நாள் மனைவி அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். "என்னங்க இது, சிமெண்ட் பூசுன மாதிரி! இதையா ஆபீசர்கிட்ட நீட்டப் போறீங்க?"

சோப்புக்கு அழுக்கு மசியவில்லை. தொழில்காரர் வேறென்ன செய்வார்? கடைசிப் பளபளப்புக்கென்று வைத்திருந்த நயமான கல்லை எடுத்து, தண்ணீர் தொட்டு, ஒவ்வொரு விரலாகத் தேய்த்தார். "பாரு, முகம் பாக்கலாம்!" என்று பெருமையாக நீட்டினார். மிச்சமிருந்த கோடுகளையும் அப்படித்தான் தன் கையாலேயே அழித்தார்.

விசா அலுவலகத்தில் கண்ணாடிப் பலகையில் விரல்களை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்து வைத்தார், அழுத்தி வைத்தார். மறுபடியும் சிவப்பு.

"ரேகையே இல்லையே, பெரியவரே," என்றார் அதிகாரி.

"இல்லையா? எங்க சார் போயிருக்கும்?" கிண்டலில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"வளர்ந்ததும் வாங்க. அடுத்தவங்க!"

அவர் வெளியே போகாமல், வரிசையில் நின்றவர்களின் விரல்களைப் பார்க்கத் தொடங்கினார். ஒரு கல்லூரி மாணவனின் விரலில் ஆற்றுச் சுழல் போலக் கோடுகள். அவனுக்கு அடுத்து நின்றவள் ஓட்டலில் பாத்திரம் தேய்க்கும் பெண்மணி. தன் கையை விரித்தாள். மழமழவென்று இருந்தது. "என்னையும் போன தடவை திருப்பி அனுப்பிட்டாங்கண்ணே. என் தம்பி அந்தத் தீவுலதான் இருக்கான்."

உழைக்காத கை உள்ளே போகலாம், உழைத்துத் தேய்ந்த கை வெளியே நிற்க வேண்டும். இதை யாரும் சட்டமாக எழுதவில்லைதான். எழுதாமலே நடக்கிற அநியாயத்துக்கு ஆயுள் அதிகம்.

வீட்டில் மைத்துனன் யோசனை சொன்னான். "மாமா, எனக்குத் தெரிஞ்ச கைரேகை ஜோசியர் ஒருத்தர் இருக்காரு..."

"போடா! இல்லாத ரேகையிலயும் அவரு எனக்கு வெளிநாட்டு யோகம் சொல்லுவாரு. அதுக்கு அந்த மெஷினே மேல், உள்ளதைச் சொல்லுச்சு."

விஷயம் கேட்ட மகள், "நீங்க வராம நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்று திருமணத்தைத் தள்ளிவைத்தாள். இவர் கல்லைத் தொடாமல் வீட்டில் உட்கார்ந்தார். தான் இன்னார் என்று நிரூபிக்க, இன்னாராக இருப்பதையே நிறுத்த வேண்டியிருந்தது! மனைவி விரல்களுக்கு எண்ணெய் தடவினாள். பூதக்கண்ணாடியும் கையுமாக அவர் காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒரு நாள், "ஏய், இங்க வா! கட்டைவிரல்ல ஒண்ணு முளைச்சிருக்கு!" என்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

மறுபடி போனபோது பச்சை விளக்கு எரிந்தது. அவர் நகரவில்லை.

"சார், விரலே இல்லாதவங்க வந்தா என்ன செய்வீங்க?"

"எழுதிக் குடுத்தா மேலதிகாரி விலக்கு தருவாரு."

"ரேகை தேஞ்சவங்களுக்கு?"

"அதே விதிதான்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கலையே."

பாலிஷ்காரர் தீவுக்குப் போனார். அங்கே இறங்கியதும் மறுபடி ரேகை கேட்பார்கள் என்பதால், பயணம் முழுக்கக் கைகளைப் பச்சைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக் காத்தார். சாட்சிக் கையெழுத்தும் போட்டார்.

ஆனால் பாத்திரம் தேய்க்கும் அந்தப் பெண்மணியை அவர் மறுபடி பார்க்கவில்லை. விலக்கு இருப்பதை அவளிடம் யாராவது சொன்னார்களோ இல்லையோ, தெரியாது. நீங்கள் நிற்கும் வரிசையில் ஒருவரை மெஷின் மறுத்தால், உங்கள் முறை சீக்கிரம் வந்ததென்று முன்னால் நகராதீர்கள். அவருக்காக நீங்கள் கேளுங்கள், எல்லாருக்கும் கேட்கும்படி: "இவருக்கு வேற வழி என்ன?"