அத்தை கீழே பார்த்து ஆசைப்பட்ட கார்

"ஒரு கார் நிறைய ஓடியிருந்தா மோசமா, ஓடாமலே நின்னிருந்தா மோசமா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தை கேட்டார். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அவர் வீட்டில் தங்கியிருந்தேன்.

அத்தை பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஒருநாள் சிக்னலில் நின்றபோது பக்கத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றதாம். "எல்லாரும் மேல பார்த்துதான் ஆசைப்படுவாங்க. நான் கீழ பார்த்து ஆசைப்பட்டேன்" என்பார். "ரெண்டே சீட்டு. பின்னாடி உட்கார்ந்து யாரும் சண்டை போட முடியாது, வாந்தி எடுக்கவும் முடியாது."

அந்த இரண்டாவது சீட்டு மாமாவுக்கு. மாமா சலூன் நடத்தியவர். நின்று நின்றே மூட்டு தேய்ந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஜன்னலோர நாற்காலியே கதி என்று ஆகிவிட்டார். கூப்பிட்டால், "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்பார். வீடு எங்கும் ஓடிப்போவதாக இல்லை. அவரை எப்படியாவது வெளியே கூட்டிப்போக வேண்டும் என்பதுதான் அத்தையின் கவலை.

"முட்டி மடங்காதவனுக்குப் படுத்துக்கிட்டே போற வண்டியா?" என்றார் மாமா.

"உங்களை உட்காரத்தானே சொல்றேன், ஓடவா சொன்னேன்?"

பழைய கார் தேடிப் போய் முதலில் பார்த்தது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கண்ணாடி போல மின்னியது. "அக்கா, கிலோமீட்டரைப் பாருங்க. பச்சைக் குழந்தை!" என்றார் தரகர்.

அத்தை குனிந்து பிரேக் பெடலைப் பார்த்தார். ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. "பச்சைக் குழந்தைக்குச் செருப்பு இவ்வளவு தேயுமா, தம்பி?"

தரகர் சிரித்து மழுப்பினார். ஆனாலும் அத்தைக்கு மனம் கேட்கவில்லை; ஓட்டிப் பார்த்தார். வண்டியை நிறுத்தியதும் அவர் கை தானாக சீட்டுக்கு அடியில் போனது. தூங்கிப்போன பிள்ளையோ, மறந்த பையோ இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பேருந்தில் தேடிப் பழகிய கை. வெளியே வந்தபோது விரல்களில் ஈரமும் துருவும் இருந்தன. மீட்டரையும் நம்ப முடியாது. எங்கோ மழையில் நெடுநாள் நின்ற வண்டி வேறு.

அத்தை ஸ்டீயரிங்கை ஒருமுறை தடவிவிட்டு இறங்கினார். வீட்டில் மாமா கேலி செய்யவில்லை. "மாப்பிள்ளை பிடிக்கலையா?" என்று மெதுவாகக் கேட்டு, தண்ணீர்ச் செம்பை அத்தை பக்கம் நகர்த்தினார்.

அடுத்த கார் பக்கத்துத் தெருவில்தான் இருந்தது. அத்தை கெஞ்சியதில் மாமாவும் கைத்தடியோடு வந்தார். சாம்பல் நிறம், இதுவும் இரண்டே சீட்டு. முதல் காரைவிடப் பல மடங்கு ஓடியிருந்தது. சீட்டின் தோலில் வெடிப்பு. சொந்தக்காரர் ஒரு நர்ஸ். நாங்கள் கேட்பதற்கு முன்பே குறைகளைச் சொன்னார். "ரேடியோ பாடாது. இந்தப் பக்கக் கண்ணாடி பாதியில நிக்கும். கிளட்ச் மாத்திட்டேன், டைமிங் பெல்ட்டும் மாத்திட்டேன். ஆயில் மட்டும் ஒரு தடவையும் தள்ளிப்போட்டதில்லை."

அத்தை பானட்டைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது; எங்களுக்காக முன்கூட்டியே சூடாக்கி வைக்கவில்லை. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. முனையிலிருந்த பட்டறையில் மெக்கானிக் தூக்கி வைத்துப் பார்த்தார். அடியில் துரு இல்லை. "நிறைய உழைச்ச வண்டிதான், ஆனா நல்லா வச்சிருக்காங்க" என்றார்.

கடைசிச் சோதனை மாமா. முதுகைக் காட்டி உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். ஏறிவிட்டார். இறங்கத்தான் முடியவில்லை. கதவைப் பிடித்து ஒருமுறை எழப் பார்த்தார். இன்னொரு முறை முயன்றார். முகம் சிவந்துவிட்டது. நர்ஸ் உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று தலையாட்டினார்.

அத்தை அவர் பக்கத்தில் குனிந்தார். "வேணாங்க. எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா வேணாம். வேற உயரமான வண்டி பார்ப்போம்."

மாமா கைத்தடியை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இறங்க முடியாதுன்னு ஆயிடுச்சுல்ல? அப்புறம் என்ன, ஓட்டு."

"எங்க போறது?"

"எங்கயாவது. வீட்டை இவங்க பார்த்துக்கட்டும்."

அவர்கள் திரும்பி வரும்வரை நானும் நர்ஸும் தெருவிலேயே நின்றோம். அந்தக் காரையே அத்தை வாங்கிவிட்டார். இப்போது ஒவ்வொரு முறையும் மாமாவை இறக்க இரண்டு பேர் வேண்டும். அவர் திட்டிக்கொண்டே கை கொடுக்கிறார். பழைய கார் வாங்க மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அத்தையின் கதையை அவரிடம் சொல்லுங்கள். வெளியே வர மறுத்து வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவர் இருந்தால், அவரிடம் முதலில் சொல்லுங்கள்.